இரை இருந்தும் இடமில்லை: இறுகிய மண்ணில் உயிர்கள் படும் பாடு

ஒரே நிலத்தில், ஒரே நாளில் இரண்டு குழி தோண்டிப் பார்த்தேன். ஒன்று வரப்போரம், யாரும் உழாத, வண்டி ஏறாத இடத்தில். இன்னொன்று வயலின் முனையில், டிராக்டர் ஒவ்வொரு சாலுக்கும் திரும்புகிற இடத்தில். இரண்டுக்கும் நடுவே முப்பது காலடி தூரம்கூட இருக்காது. ஒரே மண், ஒரே மழை.

வரப்போரத்தில் மண்வெட்டி சுலபமாக இறங்கியது. புரட்டிப் போட்டதும் மண் குருணை குருணையாக உதிர்ந்தது. ஒரு கட்டியில் மண்புழு ஏழு எண்ணினேன். முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும்புமே, அந்த வாசனை. முனைக் குழியில் ஒரு சாண் வரைக்கும் பரவாயில்லை. அதற்குக் கீழே கடப்பாறை தேவைப்பட்டது. பெயர்ந்து வந்த கட்டி ஓடு ஓடாக, கிடைமட்டமாகப் பிளந்தது. மேலே இருந்து இறங்கிய வேர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தன. போன பருவத்தில் மடக்கி உழுத வைக்கோல் இன்னும் அங்கே இருந்தது. மட்காமல், கறுத்துப்போய், சாக்கடை நாற்றத்தோடு. மண்புழு ஒன்றுகூட இல்லை.

என்னை யோசிக்க வைத்தது அந்த வைக்கோல்தான். இரை அங்கேயே கிடந்தது. தின்ன ஆளில்லை.

மண்வளம் என்று பேச்செடுத்தால் என்ன போடலாம் என்றுதான் பேசுகிறோம். தொழுவுரம் எத்தனை வண்டி, பசுந்தாள் உரம் எப்போது மடக்குவது, எந்த நுண்ணுயிர் உரம் வாங்குவது. மண்ணுக்குள் காலியிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மண்ணில் வாழும் உயிர்களுக்கு எருவும் இலைதழையும் இரை என்றால், மண்ணின் சந்துபொந்துகள்தான் அவற்றுக்கு வீடு. வீட்டை மிதித்து நசுக்கிவிட்டு இரையைக் கொட்டினால் அது அழுகும். அந்த வீட்டைக் கட்டுவதோ இரை தின்ற உயிர்கள்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மண்ணைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

பாதி மண், பாதி வெற்றிடம்

நல்ல மேல்மண்ணின் கன அளவில் பாதிதான் திடப்பொருள். மணல், வண்டல், களி என்ற கனிமத் துகள்கள் ஏறக்குறைய 45 சதவீதம், எருவும் இலைதழையும் மட்கி வரும் கரிமப் பொருள் 5 சதவீதம் இருந்தாலே பெரிது. மீதிப் பாதி முழுக்கத் துவாரங்கள். அதை நீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மழை பெய்தால் நீரின் பங்கு கூடும், காய்ந்தால் காற்றின் பங்கு கூடும்.

இறுக்கத்தை அளக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மண்ணின் கனிமத் துகளை மட்டும் எடுத்தால் ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 2.65 கிராம் எடை இருக்கும். ஆனால் வயலில் கலைக்காமல் வெட்டியெடுத்து உலர்த்திய மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம்தான் நிற்கிறது என்றால், அதில் 51 சதவீதம் வெற்றிடம் என்று பொருள். அதே மண் இறுகி 1.6 கிராமுக்கு வந்துவிட்டால் வெற்றிடம் 40 சதவீதம்.

பதினொரு சதவீதம்தானே போயிற்று என்று தோன்றும். ஆனால் எந்தத் துவாரங்கள் போயின என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலிருந்து அழுத்தம் வரும்போது முதலில் நசுங்குபவை பெரிய துவாரங்கள்: வேர் போன தடம், புழு போன வழி, குருணைகளுக்கு இடையே உள்ள சந்து. மிகச் சிறிய துவாரங்கள் அப்படியே இருக்கும், சில சமயம் பெரியவை சுருங்கி அவற்றின் எண்ணிக்கை கூடவும் செய்யும். பெரிய துவாரங்கள்தான் மழைநீரை வேகமாகக் கீழே விட்டுவிட்டுக் காற்றுக்கு வழிவிடுபவை. சிறியவை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. ஆக, இறுகிய மண்ணில் வெற்றிடம் குறைவதோடு, இருக்கிற வெற்றிடமும் நீரால் அடைபட்டுக் கிடக்கிறது.

நீர் அடைத்தால் என்ன? ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. வேரும் நுண்ணுயிரும் மண்ணுக்குள் ஓயாமல் மூச்சுவிடுகின்றன. அவை எடுக்கிற வேகத்துக்கு மேலிருந்து ஆக்சிஜன் வந்து சேராவிட்டால் மண்ணுக்குள் மூச்சு முட்டும். மண்ணின் கன அளவில் காற்றின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களின் வேர் திணறத் தொடங்கும் என்பது மண் ஆய்வில் பழகிப்போன அளவுகோல்.

யாருக்கு எந்த வீடு

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். பாக்டீரியா ஒன்று ஒரு மைக்ரான் சுமாருக்கு இருக்கும். பூஞ்சை இழை சில மைக்ரான் தடிமன். பாக்டீரியாவைத் தின்னும் ஒற்றைச் செல் உயிரிகளுக்குப் பத்து மைக்ரானோ அதற்கு மேலோ இடம் வேண்டும். நூற்புழு நம் கண்ணுக்கே தெரியாத அளவு ஒல்லி, ஆனாலும் அதற்கு 20, 30 மைக்ரான் அகலமுள்ள பாதை வேண்டும். அதற்கு மேலே ஸ்பிரிங்டெயில் என்ற குட்டித் துள்ளுயிரியும் உண்ணி இனத்துச் சிற்றுயிர்களும். இவற்றுக்கு மில்லிமீட்டர் கணக்கில் சந்து தேவை. இவற்றால் தோண்ட முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேறு யாராவது போட்டுவைத்த வழியில்தான் இவை நடமாட முடியும். வழியைப் போடுபவை வேர்கள், மண்புழு, எறும்பு, கறையான்.

மண் இறுகும்போது அடிபடுவது இந்த வரிசையில் பெரிய ஆட்கள் முதலில். மண்புழு நேரடியாக நசுங்கிச் சாகும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்யும். தோண்டத் தெரியாத ஸ்பிரிங்டெயிலுக்கும் உண்ணிக்கும் வாசல் அடைபடும். நூற்புழுவுக்குப் பாதை குறுகும். பாக்டீரியாவுக்கோ வீட்டுப் பஞ்சமே இல்லை. அதனால் இறுகிய மண்ணைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் நுண்ணுயிரின் மொத்த அளவு பெரிதாகக் குறையாமல் இருக்கவும் கூடும். அதைப் பார்த்து மண்ணில் உயிர் இருக்கிறது, கவலையில்லை என்று நினைப்பது தவறு. இரண்டு விஷயங்கள் அந்த எண்ணிக்கையில் தெரியாது.

முதல் விஷயம், தின்பவர்கள் இல்லாமல் போவது. பாக்டீரியா தன் உடம்பில் தழைச்சத்தை (நைட்ரஜனை) நிறையச் சேர்த்து வைத்திருக்கும். ஒற்றைச் செல் உயிரியும் நூற்புழுவும் அதைத் தின்னும்போது தங்களுக்குத் தேவையானதற்கு மேல் தழைச்சத்து உள்ளே போகிறது. மிச்சத்தை அமோனியமாக வெளியே விடுகின்றன. அந்த மிச்சம்தான் வேருக்குப் போகிறது. பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்தில் ஒரு நல்ல பங்கு இப்படி ஒன்றை ஒன்று தின்பதால் வருவது. இறுகிய மண்ணில் பாக்டீரியா தனக்கு மட்டும் பொருந்தும் பொந்துக்குள் பத்திரமாக இருக்கிறது, தின்ன வருபவனால் உள்ளே நுழைய முடியவில்லை. தழைச்சத்து பாக்டீரியாவின் உடம்பிலேயே பூட்டிக் கிடக்கிறது. எரு போட்டும் பயிர் வெளிறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது விஷயம், ஆட்கள் மாறுவது. ஆக்சிஜன் தீர்ந்தால் அதை நம்பி வாழும் பாக்டீரியா ஒதுங்கும். மண்ணில் தழைச்சத்து இருக்கும் ஒரு வடிவமான நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடத் தெரிந்தவை தலையெடுக்கும். நாம் காசு கொடுத்துப் போட்ட தழைச்சத்தை அவை நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் ஆக்கிக் காற்றில் விட்டுவிடும். நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 270 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு. நைட்ரேட்டும் தீர்ந்தால் மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசை போகும். இரும்பின் முறை வரும்போது மண் சாம்பலும் நீலமும் கலந்த நிறத்துக்கு மாறும். சல்பேட்டின் முறை வரும்போது அழுகிய முட்டை நாற்றம். கடைசியில் மீத்தேன். குழியில் நிறத்தையும் நாற்றத்தையும் கவனித்தாலே உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சுவிட்சர்லாந்துக் காடுகளில் மரம் இழுக்கும் கனரக வண்டிகள் போன தடங்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2014ல் வந்த அந்த ஆய்வின்படி, நான்கு ஆண்டுகள் கழிந்தும் நுண்ணுயிர்க் கூட்டம் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பவில்லை. பாக்டீரியாவைவிடப் பூஞ்சைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. இது முக்கியம், ஏனென்றால் மண்ணைக் கட்டிப்போடும் வேலையில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு.

இரை எப்படி வீடாகிறது

உலர்ந்த மண் கட்டி ஒன்றை, ஒரு எலுமிச்சை அளவுக்கு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாக அதில் விட்டுப் பாருங்கள். வரப்போர மண்ணையும் முனை மண்ணையும் தனித்தனி டம்ளரில் போட்டேன். வரப்போரக் கட்டி சின்னச் சின்னக் குமிழிகளை விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மற்றது ஐந்து நிமிடத்துக்குள் கரைந்து டம்ளரின் அடியில் சேறாகப் பரவிவிட்டது. மழைத்துளி மண்ணில் விழும்போது நடப்பதும் இதுதான். கரைந்த சேறு துவாரங்களை அடைத்து, காய்ந்ததும் மேலே பொறுக்குத் தட்டும்.

கரையாமல் நின்றதே, அந்தக் கட்டியைப் பிடித்து வைத்திருந்தது எது? வேரும் பாக்டீரியாவும் கசியவிடும் பசை போன்ற சர்க்கரைப் பொருள் முதலில் நுண்துகள்களை ஒட்டுகிறது. 250 மைக்ரானுக்குக் குறைவான இந்தச் சிறு திரள்களைப் பூஞ்சை இழையும் சல்லி வேரும் வலை போலச் சுற்றிக் கட்டிப் பெரிய குருணைகளாக்குகின்றன. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டப்படுவதை 1982ல் டிஸ்டால், ஓட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். சிறு திரள்கள் கெட்டி, பல காலம் நிற்கும். பெரிய குருணைகளைக் கட்டும் வலையோ உயிருள்ளது. வேரும் பூஞ்சையும் இறந்தால் கொஞ்ச நாளில் அறுந்துபோகும். ஆகவே ஒரு முறை எரு போட்டு முடித்துவிடுகிற காரியம் கிடையாது இது. இரை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843ல் தொடங்கிய கோதுமை வயல் ஒன்று இன்றும் நடக்கிறது. அதில் ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். பக்கத்தில் எதுவுமே போடாத பாத்தி. தொழுவுரப் பாத்தியின் கரிமம் (கார்பன்) மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. அதே நிலையத்தில் 1959 முதல் ஒரு செடியும் முளைக்கவிடாமல் தரிசாக உழுதுகொண்டே வரும் நிலமும் உண்டு. அந்த மண்ணை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது, துவாரங்கள் சுருங்கி ஒன்றோடொன்று தொடர்பற்றுக் கிடந்தன.  இரை நின்றதால் வீடு தானாக இடிந்துவிட்டது.

சரி, கரிமப் பொருள் ஏறினால் மண் இறுகாதா? ஓரளவுக்குத்தான். மட்கு மிகுந்த மண் பஞ்சு போலக் கொஞ்சம் எழும்பி வரும் குணமுடையது, இறுகினாலும் அதே அழுத்தத்தில் குறைவாக இறுகும். ஆனால் அதிலும் ஈரமாக இருக்கும்போது பாரவண்டி ஏறினால் தப்பாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கரிமம் கொஞ்சம் கூடினாலே மண் கடல்போல நீரைச் சேமிக்கும் என்று பெரிய பெரிய எண்களோடு சொல்வதைப் பார்க்கிறோம். உலகெங்குமுள்ள பல்லாயிரம் மண் அளவீடுகளைத் தொகுத்து 2018ல் வந்த ஆய்வு, கரிமம் 1 சதவீதம் உயர்ந்தால் 100 மில்லிமீட்டர் ஆழ மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் நீர் சராசரியாக 1.16 மில்லிமீட்டர்தான் கூடுகிறது என்று கண்டது. ஆக, நீரை உறிஞ்சி வைக்கும் பஞ்சு என்ற கதையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உண்மையான லாபம் மழைநீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்குவதிலும், வேர் ஆழம் போய் நீர் எடுப்பதிலும் இருக்கிறது. அதைச் செய்வது துவாரங்கள்.

ஈரமும் பாரமும்

1933ல் கலிபோர்னியாவில் மண் அணைகள் கட்டிய ரால்ஃப் புராக்டர் என்ற பொறியாளர் ஒன்றைக் கண்டுசொன்னார்: மண் மிகக் காய்ந்திருந்தாலும் இறுகாது, தண்ணீரில் ஊறியிருந்தாலும் இறுகாது, நடுவில் ஒரு ஈரப்பதத்தில்தான் அதிகபட்சம் இறுகும். துகளுக்குத் துகள் வழுக்கி நெருங்க அந்த ஈரம் எண்ணெய் போல உதவுகிறது. சாலை போடுபவர்கள் இன்றும் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவது இதனால்தான். பல மண்களில் நாம் உழவுக்குப் பதம் என்று நினைக்கும் ஈரமும் அந்த இறுகும் ஈரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் சங்கடம். கால் அங்குலம், அரை அங்குலம் என்று மேல்மண் காய்ந்ததைப் பார்த்து வண்டியை இறக்கிவிடுகிறோம். கீழே ஈரம் இருக்கிறது.

மாட்டின் குளம்பு தரையில் கொடுக்கும் அழுத்தம் பெரும்பாலும் டிராக்டர் டயரைவிட அதிகம். ஆனால் மாட்டின் எடை குறைவு, அதனால் பாதிப்பு மேலே சில அங்குலத்தோடு நின்றுவிடும். அதை வேரும் புழுவும் உழவும் சரிசெய்துவிடும். மேல்மண்ணின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது டயரின் காற்றழுத்தம். அடிமண்ணின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அச்சின் மேல் உள்ள மொத்த பாரம். டயரை அகலமாக்கினால் மேல்மண் தப்பும், பாரம் அதேதான் என்றால் அடிமண் தப்பாது. 2022ல் தாமஸ் கெல்லர், டானி ஓர் என்ற இரு மண் அறிவியலாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். தானியம் நிரம்பிய அறுவடை இயந்திரத்தின் எடை 1958ல் சுமார் 4 டன், 2020ல் சுமார் 36 டன். டயர்கள் பெருத்ததால் மேலே தெரியும் அழுத்தம் அதிகம் மாறவில்லை, ஆனால் அடிமண்ணின் சுமை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மேலே பார்த்தால் தடம் தெரியாது. அதனால்தான் இது கவனத்துக்கே வருவதில்லை.

அடிமண்ணில் இறங்கிய இறுக்கம் லேசில் போகாது. ஈரத்தில் விரிந்து காய்ந்தால் வெடிக்கும் களிமண் தன்னைத்தானே கொஞ்சம் உடைத்துக்கொள்ளும், குளிர்நாடுகளில் உறைபனி கொஞ்சம் உதவும். மணல்சாரி மண்ணுக்கு அந்த வசதியும் இல்லை. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 1942ல் போர்ப் பயிற்சிக்காக ஓடிய டாங்கிகளின் தடங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. வேரும் புழுவும் குறைந்த இடத்தில் காலம் மட்டும் எதையும் ஆற்றிவிடாது.

நெல் வயலைப் பற்றி இங்கே ஒரு கேள்வி எழும். சேற்றுழவில் மண்ணின் குருணைகளை வேண்டுமென்றே உடைத்து, அடியில் ஒரு கெட்டித் தட்டை உண்டாக்கி நீரைத் தேக்குகிறோம். நெல்லின் தண்டுக்குள் காற்றுப் பாதை இருக்கிறது, இலையிலிருந்து வேருக்கு அது ஆக்சிஜனை இறக்கிக்கொள்ளும். அதனால் நெல்லுக்கு அந்தத் தட்டு நண்பன். அதே வயலில் அடுத்து வரும் பயறுக்கு அதுதான் தடை.

கடப்பாறையும் வேரும்

இறுகிவிட்டது, உளிக்கலப்பை விட்டு உடைத்துவிடலாம் என்பது முதலில் வரும் யோசனை. சில நிலங்களுக்கு அது தேவைதான். ஆனால் மண் காய்ந்திருக்கும்போது உடைத்தால்தான் தட்டு நொறுங்கும், ஈரத்தில் விட்டால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஒரு கோடு விழும், அவ்வளவுதான். உடைத்த கையோடு அதில் வேர் இறங்காவிட்டால், பிடிமானமில்லாத அந்த மண் அடுத்த வண்டியிலேயே முன்னைவிட மோசமாகப் படிந்துவிடும். இரும்பு திறந்த விரிசலை உயிர்கள்தான் திறந்தபடியே வைத்திருக்க முடியும்.

அதற்கு ஆழமாக ஆணிவேர் விடும் செடிகள் உதவுகின்றன. துவரை, முள்ளங்கி, குதிரைமசால் போன்றவை. தரையில் குத்திப் பார்க்கும் கருவி 2 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) எதிர்ப்பைக் காட்டினால் பெரும்பாலான பயிர் வேர்கள் நின்றுவிடும் என்பார்கள். அந்த மண்ணிலும் ஈரம் இருக்கும் நாட்களில் ஆணிவேர் ஏதாவது ஒரு கீறலைப் பிடித்து உள்ளே போய்விடுகிறது. செடி இறந்து வேர் மட்கியதும் அங்கே ஒரு குழாய் மிஞ்சும். அடுத்த பயிரின் வேர் எந்தச் சிரமமும் இல்லாமல் அதில் இறங்கும்.

இறுகிய மண்ணில் பச்சை எருவை ஆழத்தில் புதைக்காமல் மேலே மூடாக்காகப் போடுவதுதான் சரி என்று என் அனுபவம் சொல்கிறது. மேலே காற்று இருக்கிறது. பூஞ்சையும் புழுவும் மேலிருந்து தின்று கீழே எடுத்துப் போகட்டும். ஆழத்தில் புதைத்த வைக்கோலுக்கு என்ன ஆனது என்றுதான் முனைக் குழியில் பார்த்தோமே. அதிலும் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 80 பங்கு போலக் கரிமம் இருக்கும். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர் பற்றாக்குறைத் தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், பயிருக்குப் போட்டியாக.

அப்புறம், வண்டி. எத்தனை எரு போட்டாலும், ஈர மண்ணில் வண்டி ஏறுவதை நிறுத்தாமல் எதுவும் ஆகாது. பல தடவை வண்டி போகும் இடத்தில் மொத்த இறுக்கத்தில் பெரும்பங்கு முதல் தடவையிலேயே வந்துவிடுகிறது. ஆகவே வயல் முழுக்கச் சுற்றாமல் வருடா வருடம் ஒரே தடத்தில் ஓட்டி, அந்தத் தடத்தை மட்டும் பலிகொடுத்து மற்ற மண்ணைக் காப்பாற்றுவது புத்திசாலித்தனம். இறங்குவதற்கு முன் ஒரு சாண் ஆழத்திலிருந்து பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். பென்சில் தடிமனுக்கும் கீழே கயிறு போலத் திரண்டு வந்தால் இன்னும் ஈரம். நொறுங்கினால் இறங்கலாம்.

அந்த முனையில் டிராக்டர் திரும்புவதை நிறுத்தி, துவரை விதைத்து, மேலே இலைச் சருகு பரப்பினேன். இரண்டு மழைக்காலம் கழித்து அதே இடத்தில் மறுபடி தோண்டினேன். மேலே ஒரு சாண் மண் நன்றாக உதிர்ந்தது. அதற்குக் கீழே தட்டு இன்னும் கெட்டிதான், கடப்பாறை மறுபடி தேவைப்பட்டது. ஆனால் பெயர்ந்து வந்த கட்டியின் நடுவே விரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை நேர்கீழே போயிற்று. போன வருடத்துத் துவரையின் வேர் போன வழி. அதன் சுவரில் புழுவின் எச்சம் கறுப்பாகப் பூசியிருந்தது, அதற்குள்ளே வெள்ளை வெளேரென்று புதிய வேர் ஒன்று இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.